வெற்று வட்டம்

இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர்.
ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை
கரையைக் கட்டம் கட்டமாக நறுக்கியிருக்கிறோம்.
புல் இருந்தால் கறுப்பு வட்டம்.
இல்லையென்றால் வெற்று வட்டம்.
தேடாத இடத்தில் எதுவும் போடக் கூடாது,
தேடாததும் இல்லாததும் ஒன்றல்ல என்று
படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது.

புல்லின் பெயர் இராவணன் மீசை.
குத்தும். ஜீன்ஸைத் தாண்டிக் குத்தும்.
ஆண்செடி தனி, பெண்செடி தனி.
பெண்செடியின் கதிர் முள்பந்தாக முதிர்ந்து
காம்பு ஒடிந்து
கச்சான் காற்றில் மணல்மேல் ஓடும்,
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதைப் போல.
பரவல் என்று நாங்கள் எழுதுவது
அது எங்கெங்கே ஓடி அலுத்தது என்பதைத்தான்.

சங்குத்துறையில் கறுப்பு.
ராஜாக்கமங்கலம் துறையிலும் கறுப்பு, ஆனால்
ஒரு பந்துகூட இல்லை. அத்தனையும் ஆண்.
'ஆம்பிளைகள் ஹாஸ்டல்' என்றாள் டெல்பின்.
கொடியோடிப் பிழைத்துக்கொள்ளும்,
வேறு கரைக்குப் போகாது.
படிவத்தில் அதற்குத் தனிக் குறி கிடையாது.
மணவாளக்குறிச்சியில் மணல் கறுப்பு,
வட்டம் வெற்று.

ஆவணக்கூடத்தில் ஒரு பழைய தாள்.
காய்ந்த கதிரை நூலால் தைத்திருக்கிறார்கள்.
இடம்: குளச்சலுக்கு மேற்கே.
அளவு: எங்கும்.
எங்கும் என்று எழுதிவிட்டால்
எங்கே என்று எழுத வேண்டியதில்லை.
கையெழுத்து யாருடையதென்று தெரியவில்லை.
அவர் ஒரு சொல்லில் முடித்ததற்கு
நாங்கள் மூன்று மாதமாக அலைகிறோம்.

சின்னத்துறையில் கடலுக்கு எதிரே கொட்டிய
பாறைச் சுவரின்மேல்
வலை உலர்த்திக்கொண்டிருந்தார் வியாகுலதாசன்.
'என்னத்தயாக்கும் தேடுதிய?'
படத்தைக் காட்டினேன்.
'மீசையா? அது இஞ்ச நெறைய கெடந்ததே.'
கையை நீட்டினார்.
நேராகக் கடலுக்குள்.
மூன்றாவது அலை உடைகிற இடம்.
ஜிபிஎஸ் எண் சொல்லும், ஆனால்
அங்கே போய் நிற்க வேண்டும்.
நின்ற இடத்துக்கு ஒரு வட்டம் போட்டேன்.
வாழிடம் என்ற வரியில்
மணல்மேடு என்று எழுதி, அடித்து,
சுவர் என்று எழுதினேன்.

வைகாசிக் கடைசியில் வரைபடம் முடிந்திருந்தது.
ஜீப் ஓட்டும் சுயம்புலிங்கம்
இறச்சகுளத்தில் வீடு கட்டுகிறார்.
பார்த்துவிட்டுப் போங்க என்று கூட்டிப் போனார்.
கடல் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால்.
வாசலில் ஒரு லோடு மணல்,
ஆற்று மணல் என்று சொல்லித் தந்ததாம்.
உச்சியில் ஒரு கணு
பச்சையாகக் குத்திக்கொண்டு நின்றது.
எனக்கு முன்னால் டெல்பின் விரல் வைத்து,
ஆவென்று கத்தி, உறுதி செய்தாள்.
பின்னால் தாடகை மலை மல்லாந்து கிடந்தது.
சொந்தக்காரி வீட்டுக்கு வந்திருக்கான் என்றாள்
ரத்தம் உறிஞ்சியபடி.

இதற்கு என்ன வட்டம்?
தானாக வரவில்லை, லாரியில் வந்தது.
பந்தும்தான் தானாக ஓடவில்லை,
காற்று தள்ளியது.
நானும் டெல்பினும் இதைத் திரும்பும் வழியெல்லாம் பேசினோம்.
முன்சீட்டிலிருந்து சுயம்புலிங்கம்
'மணல் விஷயத்த மட்டும் எழுதிராதிய' என்றார்,
அதற்குமேல் பேசவில்லை.

மறுநாள் பூச்சு.
கொத்தனார் சல்லடை பிடிக்கிற ஆள் இல்லை.
கணு சாந்தோடு உள்ளே போயிற்று.
கட்டம் எண், நாள், உயரம் எல்லாம் நிரப்பினேன்.
வாழிடம்: சுவர்.
குறி போடும் இடத்தை விட்டுவிட்டேன்.

ஆனி மழையில் அவர் அனுப்பிய படம்
இன்னும் போனில் இருக்கிறது.
தெற்குச் சுவரில் உப்புப் பூத்திருக்கிறது,
கிட்டத்தட்ட வட்டமாக.
சுண்ணாம்பு அடித்தால் போகுமா என்று கேட்டிருக்கிறார்.